விற்ற பணம் கணக்கில் தெரிகிறது, ஆனால் எச்சரிக்கை வருகிறதே?

கேள்வி: அமெரிக்காவில், டல்லாஸில் ஐடி வேலையில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது கேஷ் அக்கவுண்ட் மட்டும்தான். கடன் வாங்கி டிரேட் செய்வதில்லை. திங்கட்கிழமை காலை ஒரு பங்கை 3,000 டாலருக்கு விற்று, அந்தப் பணத்தில் உடனே ஒரு இடிஎஃப் (பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கிற ஃபண்ட்) வாங்கினேன். மதியம் விலை ஏறியதும் அதையும் விற்றுவிட்டேன். மறுநாள் 'குட் ஃபெயித் வயலேஷன்' என்று எச்சரிக்கை. என் பணத்தில்தானே வாங்கினேன்? ப்ரோக்கரிடம் கடன் வாங்கி டிரேட் செய்யும் மார்ஜின் அக்கவுண்ட்டுக்கு மாறிவிடலாமா?

பதில்: முதலில், பயப்படாதீர்கள். ஒரு எச்சரிக்கையால் அபராதம் எதுவும் வராது, லாபமும் உங்களுடையதுதான். ஆனால் காரணத்தைப் புரிந்துகொள்ளாமல் விட்டால் திரும்பவும் மாட்டிக்கொள்வீர்கள்.

திங்கட்கிழமை நீங்கள் விற்றீர்கள், சரி. அந்த 3,000 டாலர் உண்மையில் கைக்கு வருவது செவ்வாய்க்கிழமைதான். அமெரிக்கப் பங்குச் சந்தையில் விற்ற நாளுக்கு அடுத்த வேலை நாளில்தான் கணக்கு தீரும், அதாவது பணம் வந்து சேரும். 2024 மே 28-க்கு முன்பு இதற்கு இரண்டு நாள் ஆனது. நடுவில் திரையில் தெரிகிற தொகை, போட்ட செக் இன்னும் கலெக்‌ஷன் ஆகாத மாதிரி. அதை வைத்து வாங்க ப்ரோக்கர் அனுமதிப்பார். ஆனால் அப்படி வாங்கியதை, பழைய பணம் வந்து சேருவதற்குள் விற்கக் கூடாது. அதாவது, தப்பு வாங்கியதில் இல்லை, அன்றைக்கே விற்றதில்தான். ஒரு ராத்திரி பொறுத்து, செவ்வாய்க்கிழமை விற்றிருந்தால் ஒரு பிரச்சனையும் இல்லை.

இதன் வேர் அமெரிக்க மத்திய வங்கியின் 'ரெகுலேஷன் டி' (Regulation T) என்ற விதி. 1929 பங்குச் சந்தை வீழ்ச்சிக்குப் பிறகு வந்த 1934 பங்குச் சந்தைச் சட்டத்தின் கீழ் உருவானது. கேஷ் அக்கவுண்ட் என்றால் வாங்குகிற பங்குக்கு முழுப் பணமும் கட்டவேண்டும். ப்ரோக்கரின் கடனில் விளையாட முடியாது.

பெரும்பாலான நிறுவனங்களில் 12 மாதத்துக்குள் மூன்று முறை இப்படி நடந்தால் கணக்குக்கு 90 நாள் கட்டுப்பாடு. அப்போது விற்கலாம்; ஆனால் வந்து சேர்ந்த பணத்தில் மட்டுமே வாங்கமுடியும். எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம் என்பதால் உங்கள் ப்ரோக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது இன்னொன்றைப் பற்றி. வங்கியிலிருந்து பணம் மாற்றியதுமே ப்ரோக்கர் அதைக் கணக்கில் காட்டிவிடுவார். உண்மையில் வந்துசேர சில நாள் ஆகலாம். அதற்குள் வாங்கி விற்று, நடுவில் அந்த வங்கிப் பரிமாற்றம் திரும்பிவிட்டால், பங்குக்கான விலையை அதே பங்கை விற்ற பணத்தில் கட்டியதாக ஆகிவிடும். இதை 'ஃப்ரீ ரைடிங்' என்பார்கள். இதற்கு ஒரே முறை போதும், 90 நாள் முடக்கம்.

அதனால் 'டிரேடுக்குக் கிடைக்கும் தொகை' என்ற வரியை நம்பாதீர்கள். அதன் அருகிலோ உள்ளேயோ 'செட்டில்டு கேஷ்' (உண்மையில் வந்துசேர்ந்த பணம்) என்று ஒரு எண் இருக்கும்; அன்றைக்கே விற்கும் எண்ணம் இருந்தால் அந்த எண்ணுக்குள் வாங்குங்கள். விடுமுறையையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை விற்றது திங்கள்தான் வரும். அக்டோபரில் கொலம்பஸ் தினத்தன்று சந்தை திறந்திருக்கும், வங்கிகள் மூடியிருக்கும். அன்று கணக்கு தீராது, செவ்வாய் வரை காத்திருக்கவேண்டும்.

மார்ஜின்? அங்கே இந்த எச்சரிக்கை வராது என்பது உண்மை. குறைந்தது 2,000 டாலர் இருந்தால் மார்ஜினில் கடன் தருவார்கள். அன்றே வாங்கி விற்றால் வட்டியும் இருக்காது. ஆனால் விலை இறங்கி, 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று கடனோடு வைத்திருக்கும்போதுதான் சிக்கல். சிறிய கணக்குகளுக்கு வட்டி பல பெரிய நிறுவனங்களில் 10 சதவீதத்தைத் தாண்டும். இன்னும் இறங்கினால் உங்களைக் கேட்காமலேயே பங்கை விற்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஒரு ராத்திரி காத்திருப்பதைத் தவிர்க்க இவ்வளவு ரிஸ்க் எடுக்க நான் சொல்லமாட்டேன். கேஷ் அக்கவுண்ட்டிலேயே இருங்கள். தினமும் டிரேட் செய்தே ஆகவேண்டும் என்றால் பணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இன்றைக்கும் மறு பாதியை நாளைக்கும் பயன்படுத்துங்கள்.