ஊர்ப் பெயரும் ஒரு பைட்டும்: சி மொழி கேள்வி-பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஸ்டிரிங்கையும் (எழுத்துத் தொடர்) மெமரியையும் பற்றியவை. சி மொழியில் எழுதும்போது இந்த இடம் எத்தனை பைட், இதற்குப் பொறுப்பு யார் என்ற இரண்டையும் நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும். மொழி உங்களுக்காக அந்தக் கணக்கை வைத்திருக்காது.

ஊர்ப் பெயருக்கு 11 பைட் அரே (அடுத்தடுத்த இடங்களின் வரிசை) ஒன்றை அறிவித்தேன். ஆங்கில எழுத்தில் தருமபுரி என்று கொடுத்தால் சரியாக அச்சாகிறது. கிருஷ்ணகிரி என்று கொடுத்தால் பின்னால் குப்பை எழுத்துகள் வருகின்றன. கம்பைலர் பிழை எதுவும் காட்டவில்லையே, ஐயா? (மாணவி, பர்கூர்)

அருமையான கேள்வி. எழுத்துகளை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் தருமபுரிக்கு 10 எழுத்து. ஸ்டிரிங் இங்கே முடிகிறது என்று காட்டும் பூஜ்ஜிய பைட்டுக்கு ஒன்று. ஆக 11, அரே நிரம்பிவிட்டது. கிருஷ்ணகிரிக்கு எழுத்தே 11. பூஜ்ஜியத்துக்கு இடமில்லை.

அறிவிக்கும்போதே மதிப்பைக் கொடுத்தால், இடம் போதாதபோது அந்தப் பூஜ்ஜியத்தை மட்டும் விட்டுவிடுவதைச் சி மொழியின் விதியே அனுமதிக்கிறது. அதனால்தான் கம்பைலர் பிழை சொல்லவில்லை. அச்சிடும் பிரிண்ட்எஃப் மட்டும் பூஜ்ஜியத்தைத் தேடி அடுத்தடுத்த பைட்டுகளைப் படித்துக்கொண்டே போகிறது. தற்செயலாக அடுத்த பைட் பூஜ்ஜியமாக இருந்தால் விடை சரியாகவே தெரியும். நான் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான். உங்கள் கணினியில் சரியாக ஓடியது தேர்வு அறையில் கவிழ்ந்துவிடும்.

அறிவிக்கும்போது சதுர அடைப்புக்குள் எண் எதுவும் எழுதாமல் விடுங்கள். கம்பைலரே பூஜ்ஜியத்தையும் சேர்த்து எண்ணிக்கொள்ளும். நிரல் ஓடும்போது மெமரியில் இடம் வாங்கித் தரும் மாலாக் மூலம் இடம் கேட்டால், ஸ்டிரிங்கின் நீளத்தை எண்ணும் ஸ்டிர்லென் தரும் எண்ணோடு ஒன்றைக் கூட்டிக் கேளுங்கள். ஸ்டிர்லென் பூஜ்ஜியத்தை எண்ணுவதில்லை.

இரண்டு பெயர்களும் ஒன்றுதான். இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் பொருந்தவில்லை என்கிறது. (அரூர்)

அது இரண்டின் முகவரியைத்தான் ஒப்பிடுகிறது. எழுத்துகளை ஒப்பிட ஸ்டிர்காம்ப் வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது தருவது பூஜ்ஜியம் என்பதை மறக்காதீர்கள்.

உள்ளீட்டில் ஒரு வரியைப் படிக்கப் புத்தகத்தில் கெட்ஸ் என்று இருக்கிறது. புதிய கம்பைலர் ஏற்க மறுக்கிறது. (பாலிடெக்னிக் மாணவர், காரிமங்கலம்)

மறுப்பது நல்லதுதான். உங்கள் அரே எவ்வளவு பெரியது என்பது கெட்ஸுக்குத் தெரியாது. வருவதையெல்லாம் எழுதிக்கொண்டே போகும். 1988 நவம்பரில் இணையத்தின் ஒரு பகுதியை முடக்கிய மோரிஸ் புழு என்ற தீங்கு நிரல் உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று இதே ஓட்டைதான். ஃபிங்கர் என்ற சேவை நிரல் 512 பைட் இடத்தில் கெட்ஸ் கொண்டு படித்துக்கொண்டிருந்தது. 2011-இல் வந்த சி தரத்திலிருந்து கெட்ஸையே நீக்கிவிட்டார்கள்.

எஃப்கெட்ஸ் பயன்படுத்துங்கள். அளவு 20 என்று கொடுத்தால் 19 எழுத்து வரை படித்து, பூஜ்ஜியத்தையும் வைத்துவிடும். வரி முடிவில் தட்டிய எண்டரையும் சேர்த்தே தரும். அதை நீக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

மண்டிக்கு வரும் மாம்பழ ரகங்களைப் பட்டியலிடும் நிரல் எழுதுகிறேன். செந்தூரா, பெங்களூரா, நீலம் என்று வரிசையாக உள்ளிட்டால் கடைசியில் மூன்றும் நீலம் என்றே வருகின்றன. பட்டியல் பெரிதானதும் நிரல் நின்றுவிடுகிறது. (போச்சம்பள்ளி)

இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. நீங்கள் அனுப்பிய நிரலில் உள்ளீட்டைப் படிக்க ஒரே அரேதான் இருக்கிறது. பட்டியலில் நீங்கள் வைத்தது அந்த அரேயின் முகவரி. மூன்று இடங்களிலும் ஒரே முகவரி என்பதால், கடைசியாக உள்ளே வந்த நீலம்தான் மூன்றிலும் தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் தனியாக இடம் வாங்கி, அதில் எழுத்துகளைப் படியெடுக்க வேண்டும். மாலாக்கும் ஸ்டிர்காப்பியும் சேர்ந்து செய்யும் இந்த வேலையை ஸ்டிர்டூப் ஒன்றே செய்யும். லினக்ஸில் நெடுங்காலமாக இருக்கும் இது, சி23 தரத்தில்தான் மொழியின் பகுதியாகச் சேர்ந்தது.

நிரல் நிற்பதற்குக் காரணம், வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக். பட்டியலை நீட்ட அருகில் இடமில்லாவிட்டால் அது எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுப் புதிய முகவரியைத் தருகிறது. நீங்களோ பட்டியலின் முதல் இடம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு பாயின்டரில் (முகவரியை வைக்கும் மாறி) முன்பே குறித்துவைத்திருக்கிறீர்கள். குடிமாறிப் போனவரைப் பழைய வீட்டில் தேடுவது போல அது பழைய முகவரிக்கே போகிறது. முகவரியை வைக்காமல், பட்டியலில் எத்தனையாவது என்ற எண்ணை வையுங்கள். எங்கே மாற்றினாலும் அந்த எண் மாறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரீஅலாக் தரும் முகவரியை நேராகப் பழைய பாயின்டரிலேயே போடாதீர்கள். இடம் கிடைக்காவிட்டால் அது நல் (எந்த இடத்தையும் காட்டாத முகவரி) என்று தரும். பழைய பட்டியல் மெமரியில் அப்படியே இருக்கும், ஆனால் அதன் முகவரி உங்கள் கையில் இருக்காது. வேறொரு பாயின்டரில் வாங்கி, நல் இல்லை என்று பார்த்த பிறகு மாற்றுங்கள். வேலை முடிந்ததும் முதலில் ஒவ்வொரு பெயரையும், பிறகு பட்டியலையும் ஃப்ரீ செய்யுங்கள், அதாவது வாங்கிய இடத்தை விடுவியுங்கள். பட்டியலை முதலில் விட்டுவிட்டால் பெயர்களைக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஃபங்ஷனுக்குள் அறிவித்த அரேயைத் திருப்பித் தந்தால் ஏன் குழப்பமாகிறது? (ஓசூர்)

ஃபங்ஷன் முடிந்தவுடன் அந்த இடம் உங்களுடையது இல்லை. அழைப்பவரே இடத்தையும் அதன் அளவையும் கொடுக்கட்டும். அளவைக் கட்டாயம் தனியாகக் கொடுங்கள். அரேயைக் கொடுத்தாலும் ஃபங்ஷனுக்குள் போய்ச் சேர்வது அதன் முகவரி மட்டுமே என்பதால், அங்கே அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் போட்டால் 64 பிட் கணினியில் 8 என்றுதான் வரும். அது பாயின்டரின் அளவு.

ஓசூர் என்று தமிழில் எழுதினால் ஸ்டிர்லென் 15 என்கிறது! (பென்னாகரம்)

சரியாகத்தான் சொல்கிறது. ஸ்டிர்லென் எண்ணுவது பைட்டுகளை. எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஓ, ச, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஐந்து குறியீடுகள், ஆக 15 பைட். பூஜ்ஜியத்துடன் சேர்த்து 16 பைட் ஒதுக்குங்கள். நீளமான தமிழ்ப் பெயரை ஏதோ ஒரு பைட்டில் வெட்டினால் ஓர் எழுத்தே பாதியில் உடைந்து கேள்விக்குறியாகும். பிரிண்ட்எஃப் கொண்டு பத்தி ஒழுங்கு செய்தாலும் தமிழ் வரிசைகள் கோணலாகத்தான் வரும். அதுவும் பைட்டைத்தான் எண்ணுகிறது.

ஃப்ரீ செய்த பிறகும் பழைய பெயர் அப்படியே அச்சாகிறது. ஃப்ரீ வேலை செய்யவில்லையா? (ஊத்தங்கரை)

செய்தது. ஃப்ரீ எதையும் அழிப்பதில்லை, இடத்தை விடுவிக்க மட்டும் செய்கிறது. அந்த இடத்தை அடுத்த மாலாக் எடுத்துக்கொள்ளும் வரை பழைய எழுத்துகள் தெரியலாம். அவற்றை நம்பக் கூடாது. ஃப்ரீ செய்தவுடன் பாயின்டரில் நல் வைத்துவிடுங்கள். நல்லை மறுபடி ஃப்ரீ செய்தாலும் கேடில்லை. ஏற்கெனவே விடுவித்த முகவரியை இரண்டாம் முறை ஃப்ரீ செய்தால் நிரல் எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்ளும்.

ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்களில், மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் என்ற வசதி இருக்கிறது. கம்பைல் செய்யும்போது அதை இயக்கி, பிழைதிருத்தத் தகவலையும் சேர்த்து ஓட்டுங்கள். எந்த வரியில் ஃப்ரீ செய்தீர்கள், பிறகு எந்த வரியில் தொட்டீர்கள் என்று இரண்டையும் வரி எண்ணோடு காட்டிவிடும்.