டிராக் ஓட்டத்துக்குப் பழைய கார்: சிட்டி விடெக்கா, பலேனோவா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும், வாய்ப்புக் கிடைக்கும்போது சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலும் டிராக் டே நாட்களில் (சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்ட அனுமதிக்கும் நாட்கள்) ஓட்டுவதற்காக ஒரு பழைய காரை வாங்கி மாற்றியமைக்க விரும்புகிறேன். மொத்தம் 4 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். சென்னையில் 2002-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி 1.5 விடெக் ஒன்றை 2.75 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். எஞ்சின் வேலை, தாழ்த்திய சஸ்பென்ஷன், பெரிய சைலன்சர் எல்லாம் செய்யப்பட்டிருக்கின்றன. பில் எதுவும் இல்லை. இங்கேயே 2004-ஆம் ஆண்டு மாருதி பலேனோ செடான் ஒன்று, ஒரே உரிமையாளரிடம், எந்த மாற்றமும் செய்யப்படாமல் 1.4 லட்சத்துக்கு இருக்கிறது. நண்பர்கள் சிட்டியைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த விடெக் எஞ்சினின் 106 குதிரைத்திறன் அக்காலத்தில் பெரிய எண். உயர்ந்த சுழற்சியில் அது இழுக்கும் விதத்துக்காகவே அந்த சிட்டியை இன்றும் தேடி வாங்குகிறார்கள். பலேனோவின் 1.6 லிட்டர் எஞ்சின் அதைவிடச் சற்றுக் குறைந்த திறன் கொண்டது. இருந்தாலும், நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால் பலேனோவையே வாங்குங்கள் என்பேன்.

பில் இல்லாத எஞ்சின் வேலைக்கு நீங்கள் கொடுக்கும் விலை, இன்னொருவருடைய விருப்பத்துக்கும் அவருடைய மெக்கானிக்கின் திறமைக்கும் கொடுக்கும் விலை. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருந்தால் அதைக் கழற்றி எறிய வேண்டியிருக்கும். எஞ்சினைத் திறந்து என்ன செய்தார்கள், எந்த உதிரிபாகத்தைப் போட்டார்கள் என்பது தெரியாத நிலையில், வெயில் நேரத்தில் இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓட்டும்போது அது தாங்குமா என்பதை உங்கள் செலவில்தான் கண்டறிய வேண்டும். அதோடு, 4 லட்சத்தில் 2.75 லட்சம் காருக்கே போய்விட்டால், டிராக்குக்கு உண்மையில் தேவைப்படுகிற பிரேக், டயர், குளிர்விப்பு வேலைகளுக்குப் பணம் போதாது.

பலேனோவுக்கு இன்னொரு பலமும் உண்டு. எஸ்டீமும் ஜிப்ஸியும் அதே ஜி வரிசை எஞ்சினின் 1.3 லிட்டர் வடிவத்தைக் கொண்டவை. எஸ்டீம் நம் பந்தயத் தளங்களில் பல ஆண்டுகள் ஓடிய கார். ஆகவே இந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் கோவையில் கிடைப்பார்கள். டிராக் காரில் ஏதாவது ஒன்று உடைந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், உதிரிபாகம் எளிதில் கிடைப்பதை நான் பத்துக் குதிரைத்திறனைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

வாங்குவதற்கு முன் காரை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். முன்பக்க ஸ்ட்ரட் கோபுரங்கள் (முன் சஸ்பென்ஷனின் மேல்முனை உடலில் பூட்டப்படும் இடங்கள்), கதவுக்குக் கீழுள்ள சட்டம், பின் சஸ்பென்ஷன் பூட்டப்படும் இடங்கள் ஆகியவற்றில் துருவோ டிங்கரிங் செய்த தடயமோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். எஞ்சினை மாற்றலாம், வளைந்த உடலை முழுமையாக நேராக்குவது அரிது. நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் சோதனை (உள்ளே உருவாகும் அழுத்தத்தை அளப்பது) செய்து, அளவுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையென்றால், பெல்ட்டையும் வாட்டர் பம்ப்பையும் உடனே மாற்றிவிடுங்கள்.

என் யோசனைக்கு மாறாக சிட்டியையே தேர்ந்தெடுப்பதானால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். சென்னைக் கார் என்பதால் 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ மூழ்கியிருக்கக்கூடும். சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்து அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்றும், தரைவிரிப்பை உயர்த்தி அடியிலுள்ள ஒயர் இணைப்புகள் பச்சை பிடித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் காரில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒப்பிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய எஞ்சினைப் பொருத்தி, ஆர்.டி.ஓ. பதிவில் மாற்றாமல் விற்கப்படும் சிட்டிகள் உண்டு.

பணத்தை எங்கே செலவிடுவது என்றால், முதலில் பிரேக்கில். கரி டிராக் 2.1 கிலோமீட்டர்தான், நேர்ப்பாதைகளின் நீளம் குறைவு என்பதால் பிரேக் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. டாட் 4 தரத்திலான பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கலாம். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உருவானால் பெடல் தரை வரை இறங்கும், கார் நிற்காது. ஆகவே ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்பும் ஆயிலை மாற்றுங்கள். வெப்பம் தாங்கும் பிரேக் பேட் போடுங்கள். அடுத்து டயர். 13 அங்குல ரிம்முக்கு நல்ல பிடிப்புள்ள டயர்கள் இன்று குறைவாகவே கிடைப்பதால், பெரிய ரிம்முக்கு மாறும் செலவையும் கணக்கில் வையுங்கள். பிறகு புதிய ரேடியேட்டர், சஸ்பென்ஷன் புஷ்கள், நல்ல ஷாக் அப்சார்பர்கள். எஞ்சினை முதல் ஆண்டில் தொடவே வேண்டாம். சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டையில் திறன் குறைவு சற்று உறுத்தும். கரியில் அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி: அதே காரைச் சாலையிலும் ஓட்டலாமா? விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைக்குமா?

பதில்: பிரேக் பேட், ஆயில், ஷாக் அப்சார்பர் வரை நிறுத்திக்கொண்டால் ஓட்டலாம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் அளித்த மூல விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இருக்கைகளை அகற்றி ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) பொருத்திவிட்டால் காரை டிரெய்லரில்தான் கொண்டுபோக வேண்டும். இது சட்டத்துக்காக மட்டும் சொல்வதல்ல. ஹெல்மெட் இல்லாமல் சாலையில் செல்லும்போது சிறு மோதலிலேயே தலை அந்த இரும்புக் குழாயில் இடிக்கும்.

வழக்கமான தனியார் கார் பாலிசி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் தெளிவாக விலக்கிவைக்கிறது. டிராக் டே பந்தயமில்லை என்று வாதிட்டு இழப்பீடு பெறலாம் என நம்பி இறங்காதீர்கள். நொறுங்கினால் மொத்தத் தொகையும் போய்விடும் என்று ஏற்றுக்கொள்ளக்கூடிய விலையில் காரை வாங்குங்கள். பலேனோவை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: இதே தொகையில் பழைய ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் கிடைக்கிறது. 150 குதிரைத்திறன். அதைப் பார்க்கலாமா?

பதில்: அற்புதமான கார்; சாலைக்கு வாங்குவதானால் தடுக்க மாட்டேன். டிராக்கில் அந்தக் காரின் எடை பிரேக்கையும் டயரையும் தின்னும். இருபது ஆண்டு பழைய டர்போ, அதன் ரப்பர் குழாய்கள், ஆயில் குழாய்கள் எல்லாம் வெப்பத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகொடுக்க மறுக்கும். 4 லட்சத்துக்கு அப்பால் இன்னொரு 3 லட்சம் தனியாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.