பட்டியலும் பட்டியும்

மதிப்பிற்குரிய ஐயா,

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவனாக இருக்கிறேன். தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கக் கூடாது என்பதற்காக, நாளுக்கு 10 கடினச் சொற்கள் என்று ஒரு பட்டியலை 6 மாதமாக மனப்பாடம் செய்துவருகிறேன். போன வாரம் பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) அனுப்பிய மின்னஞ்சலில் எங்கள் சரக்கை 'எக்ரீஜியஸ் குவாலிட்டி' என்று எழுதிவிட்டேன். பட்டியலில் அதற்குத் 'தனித்துத் தெரிகிற' என்றுதான் பொருள் போட்டிருந்தது. சரக்கில் என்ன கோளாறு என்று கேட்டு உடனே பதில் வந்தது. அலுவலகத்தில் இன்னும் சிரிக்கிறார்கள். உயர்ந்த சொற்களைக் கற்பதே வீண்தானா?

ஒரு வாசகர், திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

வீண் இல்லை. உங்கள் பட்டியல் சொன்னதும் முழுப் பொய் இல்லை. லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையை விட்டு விலகி நிற்பது என்பதே 'எக்ரீஜியஸ்' என்பதன் வேர்ப்பொருள். காங்கேயம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் ஆடுகள் மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஓர் ஆடு மட்டும் தள்ளி நின்றால், அது எல்லாவற்றையும் விடத் திடமான கிடாயாக இருக்கலாம், சீக்கு வந்ததாகவும் இருக்கலாம். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது இச்சொல் முதல் வகை ஆட்டைத்தான் குறித்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இரண்டாவதற்கும் வழங்கத் தொடங்கி, கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது. இன்று அது 'எரர்', 'வயலேஷன்' போன்ற சொற்களோடுதான் சேர்ந்து வரும். பார்த்த மாத்திரத்தில் உறுத்துகிற மோசம் என்று பொருள். இத்தாலியர்கள் கடிதத்தின் தொடக்கத்தில் 'எக்ரேஜியோ' என்று மரியாதையாக விளிக்கும் வழக்கம் இன்றும் உண்டு; உங்கள் பையர் இத்தாலிக்காரராக இருந்திருந்தால் தப்பித்திருப்பீர்களோ என்னவோ.

நம் மொழியிலும் இதே கதைதான். ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர் போன ஊர் என்கிறோம். 'பேர்', 'போன' என்ற இரண்டு சொற்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்துவிட்டு வரும் வெளிநாட்டுக்காரர், அந்த ஊர் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டதாகத்தானே நினைப்பார்? அகராதியில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பொருள் சரியாகவே இருந்தாலும், சொல் யாரோடு கூடித் திரிகிறது என்று தெரியாவிட்டால் அது நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். நானும் ஒரு காலத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'ப்ளெத்தோரா ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதியவன்தான். தேவைக்கு மீறிய மிகுதியைக் குறிக்கும் அச்சொல், பழைய மருத்துவத்தில் உடம்பில் ரத்தம் கூடிப்போன நோய்க்குப் பெயராக இருந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த வேலை கிடைக்கவில்லை.

ஆகவே பட்டியலை மூடிவைத்துவிட்டு, வாக்கியம் காட்டும் அகராதி ஒன்றை வாங்குங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, ஒரு சொல் எந்த வினையோடும் எந்த முன்னிடைச்சொல்லோடும் வரும் என்பதையும் காட்டுகிற அகராதியை 1942இல் அங்கே வெளியிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948இல் மறுபதிப்புச் செய்தது. பிறமொழிக்காரர்களுக்கென்றே உருவான அந்த வகை அகராதிதான் நமக்குரியது. ஆங்கிலேயர் தம் வீட்டில் வைத்துக்கொள்ளும் பெரிய அகராதி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதைவிடவும் நல்ல பாடப்புத்தகம் உங்கள் இன்பாக்ஸில் இருக்கிறது. பையர் எழுதுகிற மின்னஞ்சல்களில் 'டிஸ்க்ரிபன்ஸி' (ஒத்துப்போகாத வேறுபாடு) என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். அது தனியாக வராது. ஒப்புதல் பெற்ற சாம்பிளுக்கும் மொத்தச் சரக்குக்கும் 'பிட்வீன்' என்று இரண்டு பக்கமும் ஆள் நிறுத்திக்கொண்டுதான் வரும். 'கண்டின்ஜென்ட்' என்றால் பின்னாலேயே 'அப்பான்' வரும். லேப் டிப் எனப்படும் சாயச் சாம்பிளின் ஒப்புதலைப் பொறுத்தே மற்றது நடக்கும் என்று அதற்கு அர்த்தம். முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டு, அடியில் உங்கள் ஆர்டரை வைத்து அதே அமைப்பில் இன்னொரு வாக்கியம் எழுதுங்கள். நாளுக்குப் பத்து வேண்டாம், வாரத்துக்கு ஐந்து போதும். ஆனால் அந்த ஐந்தும் அதே வாரம் ஏதாவதொரு மின்னஞ்சலில் புழங்கியாக வேண்டும்.

வேரைப் பிடித்துப் படிப்பதில் உங்களுக்கு ருசி இருந்தால் அதையும் விட்டுவிட வேண்டாம். மதிப்பெண்ணில் வரும் 'அக்ரிகேட்', குப்பையைத் தரம் பிரிக்கும் 'செக்ரிகேட்', கூட்டம் விரும்பும் மனிதரைக் குறிக்கும் 'கிரிகேரியஸ்' எல்லாம் அந்த 'கிரெக்ஸ்' பட்டியில் பிறந்த குட்டிகளே. ஒன்றைப் பிடித்தால் மற்றவை தாமாகப் பின்னால் வரும். ஆனாலும் வேர் நினைவில் நிறுத்த உதவுமே தவிர, இன்றைய பொருளுக்கு அது உத்தரவாதம் இல்லை. உங்களை மாட்டிவிட்டதும் அதே வேர்தான்.

அந்தப் பையருக்கு விளக்கம் எழுத இன்னும் பாக்கி இருந்தால், 'கன்சிஸ்டண்ட் குவாலிட்டி' என்று எழுதி, ஜிஎஸ்எம் அளவையும் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) துவைத்தபின் வரும் சுருக்கச் சதவீதத்தையும் அதன் கீழேயே போட்டு அனுப்பிவிடுங்கள்.