ஏழாம் லெவல் குழுவில் மூன்றாம் லெவல் ஆள்: வாசகர் கேள்வி பதில்

கே: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை 2014 விதிகளின்படி ஆடுகிறோம். மூன்று பேர் ஏழாம் லெவல். புதிதாக வருபவரை மூன்றாம் லெவலில் தொடங்க வைக்கலாமா, அல்லது முதல் சண்டையிலேயே செத்துவிடுவாரா?

ப: அடி விழும் வாய்ப்பில் அவர் பெரிதாகப் பின்தங்க மாட்டார். அடி வாங்குவதில்தான் ஆபத்து. பலம் 16 உள்ள மூன்றாம் லெவல் ஃபைட்டருக்கு (போர்வீரர்) தாக்குதலுக்கு உருட்டும் 20 பக்க டைஸில் +5. பலத்தை 18 ஆக்கிக்கொண்ட ஏழாம் லெவல்காரருக்கு +7. ஆர்மர் கிளாஸ் (அடி விழ உருட்டல் தொட வேண்டிய எண்) 15 உள்ள எதிரி மீது முன்னவரின் அடி விழ 55 சதவீத வாய்ப்பு, பின்னவருடையது விழ 65 சதவீதம். இந்த எண்கள் நெருக்கமாக இருக்கட்டும் என்றே பதிப்பை வடிவமைத்தார்கள். ஆனால் ஐந்தாம் லெவலில் ஃபைட்டருக்கு இரண்டாவது அடி கிடைத்துவிடுகிறது. ஹிட் பாயிண்டும் (எவ்வளவு சேதம் தாங்குவார் என்ற எண்), உடல் உறுதியைக் குறிக்கும் கான்ஸ்டிடியூஷன் 14 என்று வைத்தால், ஒருவருக்கு 28, மற்றவருக்கு 60.

வருபவர் விஸார்ட் (மந்திரவாதி) என்றால் நிலைமை இன்னும் மோசம். அவருக்கு 20 தான். ஆட்டத்தை நடத்துபவருக்கான டன்ஜன் மாஸ்டர் கையேட்டின் கணக்குப்படி உங்கள் நால்வருக்கும் சேர்த்து நடுத்தரச் சண்டை 2,400 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), கடினமான சண்டை 3,525. இளம் கறுப்பு டிராகன் ஒன்று 2,900. தாளில் பார்த்தால் பொருத்தமான எதிரி. அதன் அமில மூச்சோ சராசரி 49. சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டும் டைஸ்) தவறினால் விஸார்டின் 20 போக 29 மிச்சம். இப்படி மிஞ்சும் சேதம் ஒருவரின் முழு ஹிட் பாயிண்டை எட்டிவிட்டால் டெத் சேவ் (உயிர் பிழைக்க உருட்டும் வாய்ப்பு) கிடையாது, நின்ற இடத்திலேயே மரணம். சேவ் செய்தாலும் பாதியாக 24 வாங்கிக் கீழே விழுவார். அதே மூச்சு ஏழாம் லெவல் ஃபைட்டர் மேல் முழுதாகப் பட்டாலும் அவர் 11 ஹிட் பாயிண்டோடு நின்றுகொண்டிருப்பார்.

எனவே மொத்த எக்ஸ்பியைச் சரிபார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். எதிரியின் மிகப் பெரிய ஒற்றை அடியைப் பாருங்கள். அது குழுவிலேயே பலவீனமானவரின் ஹிட் பாயிண்டைப் போல் இரண்டு மடங்கைத் தொடக் கூடாது. டைஸ் சராசரிக்கு மேலும் விழும் என்பதால் ஒன்றரை மடங்கிலேயே நிறுத்துவது நல்லது. டிராகனுக்குப் பதில் மூன்று ஓகர்களை (ராட்சதர்கள்) இறக்கிப் பாருங்கள். ஒன்றுக்கு 450, மூன்றுக்கு 1,350, எண்ணிக்கைக்கான பெருக்கல் 2 சேர்ந்தால் 2,700. கிட்டத்தட்ட அதே கடினம். ஆனால் ஒரு அடிக்குச் சராசரி 13 தான். முதல் அடியில் விஸார்ட் பெரும்பாலும் விழ மாட்டார், பின்வாங்கலாமா என்று முடிவெடுக்க அவருக்கு ஒரு வாய்ப்பாவது கிடைக்கும். ஓகரின் ஆர்மர் கிளாஸ் 11 என்பதால் புதியவரின் அடியும் அடிக்கடி விழும். எட்ட நின்று கல்லெறிய மட்டும் வந்தவர் போன்ற உணர்வு அவருக்கு வராது.

கே: லெவல் இடைவெளி தானாகவே குறைந்துவிடும் என்கிறார்களே?

ப: எக்ஸ்பி எண்ணி ஆடினால் குறையும். ஏழிலிருந்து எட்டுக்குப் போக 11,000 தேவை. மூன்றாம் லெவலுக்கான 900-இல் தொடங்கியவரும் அதே பங்கை வாங்கினால் 11,900-க்கு வந்து ஐந்தாம் லெவலில் இருப்பார். மற்றவர்கள் ஒன்பதைத் தொடும்போது அவர் ஏழு. கதையின் கட்டம் முடிந்ததும் எல்லோரையும் ஒரு லெவல் ஏற்றும் மைல்ஸ்டோன் முறை என்றால் நான்கு லெவல் இடைவெளி கடைசி வரை நான்காகவே நிற்கும். அந்த முறையில் ஆடுபவர்கள் புதியவரை மற்றவர்களின் லெவலிலேயே சேர்த்துக்கொள்ளட்டும். கீழே இருந்து தொடங்கினால்தான் மரியாதை என்ற பேச்சுக்கு அங்கே பொருளே இல்லை.

அந்தப் பேச்சு பழைய விதிகளிலிருந்து வந்தது. அங்கே அதற்கு நியாயமும் இருந்தது. இதே விளையாட்டின் 1981-இன் பேசிக், எக்ஸ்பர்ட் தொகுப்புகளில் ஃபைட்டருக்கான எக்ஸ்பி 2,000, 4,000, 8,000, 16,000, 32,000, 64,000 என்று இரட்டித்துக்கொண்டே போகும். ஆறாம் லெவல்காரர் ஏழுக்கு ஏற எடுக்கும் 32,000-க்குள் முதல் லெவல்காரர் ஆறாம் லெவலுக்கே வந்துவிடலாம். ஒரே சாகசத்தில் ஒரு லெவலுக்கு மேல் ஏற முடியாது என்ற விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரிய புதையலை ஒரே மூச்சில் கொடுத்தால் புதியவருக்குச் சேர வேண்டியதில் பெரும்பகுதி வீணாகலாம். சின்னச் சின்ன சாகசங்களாகப் பிரித்துக் கொடுங்கள்.

கே: பாத்ஃபைண்டர் என்ற இதே வகை விளையாட்டின் இரண்டாம் பதிப்பிலும் இப்படிக் கலக்கலாமா?

ப: வேண்டாம். அதில் பயிற்சி உள்ள எல்லா எண்ணிலும் லெவல் அப்படியே சேர்கிறது. நான்கு லெவல் வித்தியாசம் என்றால் தாக்குதல், தற்காப்பு, சேவ் எல்லாவற்றிலும் குறைந்தது 4 குறையும். ஃபைட்டருக்கு ஐந்தாம் லெவலில் கிடைக்கும் தேர்ச்சியைச் சேர்த்தால் தாக்குதலில் 6. இலக்கை 10 தாண்டினால் கிரிட்டிகல் (இரட்டைச் சேதம்) என்பதால், மற்றவர்களைச் சாதாரணமாக அடிக்கும் எதிரி இவரை மட்டும் கிரிட்டிகலாக அடித்துக்கொண்டிருக்கும். பின்தங்கியவர் குழுவை எட்டும்வரை இரட்டை எக்ஸ்பி கொடுக்கச் சொல்கிறது விதிநூல். ஒரு லெவல் வித்தியாசத்துக்கு அது போதும்.

கே: ஒருவர் பெரிய மந்திரவாதி, மற்றவர்கள் சாதாரண மனிதர்கள். வேண்டுமென்றே இப்படி ஆட ஆசை. எந்த விளையாட்டு?

ப: 1987-இல் வந்த ஆர்ஸ் மாஜிகா இதற்கென்றே பிறந்தது. அதில் பலத்தைச் சமன் செய்யும் முயற்சியே கிடையாது. மந்திரவாதிக்கு முன்னால் படைவீரன் தூசு. சமன் செய்யப்படுவது ஆட்டக்காரர்களின் வாய்ப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதி, ஒரு துணைவர். காவலர்களும் வேலையாட்களும் எல்லோருக்கும் பொது. ஒரு சாகசத்துக்கு ஒன்றிரண்டு மந்திரவாதிகள்தான் கிளம்புவார்கள், மற்ற ஆட்டக்காரர்கள் துணைவரையோ காவலரையோ எடுத்துக்கொள்வார்கள். வெளியே போகும் மந்திரவாதி ஆய்வுக்கூடத்தில் படிக்க வேண்டிய பருவத்தை இழக்கிறார். வீட்டிலேயே இருக்க அவருக்கும் ஆசை இருப்பதால் சுழற்சி தானாக நடக்கும். இது சறுக்கும் இடம் ஒன்றுதான். ஒரே ஆள் தொடர்ந்து மந்திரவாதியாக வந்தால் மற்றவர்கள் எடுபிடி ஆகிவிடுவார்கள். அடுத்த முறை யார் மந்திரவாதி என்பதை இந்த முறை முடியும்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

எல்லோரும் எப்போதும் ஒரே கேரக்டரையே ஆட வேண்டும் என்றால், 2002-இல் பஃபி தொலைக்காட்சித் தொடரை வைத்து ஈடன் ஸ்டூடியோஸ் வெளியிட்ட விளையாட்டின் வழி இருக்கிறது. சக்தி படைத்த ஹீரோவுக்குத் தொடக்கத்தில் 10 டிராமா பாயிண்ட், சாதாரண நண்பருக்கு 20. ஒன்றைச் செலவழித்தால் ஓர் உருட்டலில் +10 கிடைக்கும். இதே யோசனையை வேறு விளையாட்டுகளுக்கும் கொண்டுபோகலாம். பலவீனமானவருக்கு ஆட்டத்துக்கு மூன்று டோக்கன் போதும். ஆனால் சேர்த்து வைக்க விட்டால் கடைசிச் சண்டைக்கென்று எல்லாவற்றையும் பதுக்கிவிடுவார்கள், நடுவில் பழைய குறையே தொடரும். அன்றைய ஆட்டம் முடிந்ததும் மிச்சமிருப்பவை செல்லாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கே: எல்லோரும் ஒரே லெவல்தான். ஆனாலும் விஸார்ட் மட்டுமே எல்லாம் செய்கிறார், ஃபைட்டர் சும்மா நிற்கிறார். எதை மாற்றுவது?

ப: உங்கள் ஆட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை சண்டை என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் கோளாறு அங்கேதான். ஏழாம் லெவல் விஸார்டுக்கு 11 ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு). நான்கு சுற்றில் முடியும் ஒரே சண்டைக்கு நான்காம் நிலை ஸ்லாட் ஒன்றும் மூன்றாம் நிலை மூன்றும் போதும், ஒவ்வொரு சுற்றிலும் தன் உச்சத்தைக் காட்டுவார். 2014 கையேடு, ஸ்லாட்டுகள் எல்லாம் திரும்பும் நீண்ட ஓய்வுக்கு முன் ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினமான சண்டைகளை எதிர்பார்க்கிறது. வேலைக்குப் போய்விட்டு மாலையில் மூன்று மணி நேரம் ஆடுபவர்களுக்கு அது நடக்காத காரியம். அதனால் ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்ததற்கும் இடையிலான காலத்தை நீட்டுங்கள். ஊரிலோ பாதுகாப்பான முகாமிலோ மட்டுமே நீண்ட ஓய்வு கிடைக்கும், காட்டில் தூங்கினால் குறுகிய ஓய்வின் பலன் மட்டும் என்று வையுங்கள். ஃபைட்டருக்கு ஒரு சுற்றில் கூடுதல் செயல் தரும் ஆக்ஷன் சர்ஜ் குறுகிய ஓய்விலேயே திரும்பிவிடும், விஸார்டின் ஸ்லாட்டுகளில் பெரும்பகுதி திரும்பாது. இந்த மாற்றத்தை சாகசத்தின் நடுவில் திணிக்காமல், குழு ஊர் திரும்பிய பிறகு அறிவியுங்கள். ஸ்லாட்டுகளைச் செலவழித்துவிட்டு நிற்கும் விஸார்டிடம் விதி மாறிவிட்டது என்று சொன்னால் சண்டை மேசைக்கு வெளியே நடக்கும்.