ஹாபி இல்லன்னு எழுதுன அம்மணிக்கு

அக்கா, வணக்கம். நான் கேரளா பார்டர்ல வேலந்தாவளம் பக்கம். கோயமுத்தூருக்கு பிரெஞ்சு மொதல் லெவல், ஏ1 கிளாஸ் போயிட்டிருக்கேன், டிசம்பர்ல டெல்ஃப்னு பிரெஞ்சுப் பரீட்சை. இப்ப ஹாபி, பொழுதுபோக்குப் பாடம் ஓடுது. ஸ்கீயிங், குதிரையேத்தம், மலையேத்தம், பெயின்டிங்னு ஒரு பக்கம் முழுக்க வார்த்தை, காலைல படிச்சா சாயங்காலம் காணோம். ஆடறது, வாசிக்கறதுக்கு வர்ற ஜுவேக்கு அப்புறம் எங்க 'ஆ' போடறது, எங்க 'த' போடறது, எப்ப 'ஃபேர்' (செய்யறது) வரும்னு ஒரே குழப்பம். எனக்குன்னு ஹாபி எதுவும் கெடையாதுக்கா. ராத்திரி மாமா பசங்களோட இருபத்தெட்டுன்னு சீட்டு ஆடுவோம், அதையெல்லாம் பரீட்சைல சொன்னா கேவலமா இருக்கும்ல, அதனால 'எனக்கு குதிரை ஓட்டப் பிடிக்கும்'னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். நல்ல ஆப் இருந்தா சொல்லுங்க. மாஹிக்குப் போனா பிரெஞ்சு பேசிப் பழக ஆள் கெடைப்பாங்களா? என் பேர் போட வேண்டாம்.

அம்மணி,

பேர் போடல, பயப்படாத.

உனக்கு இவ்ளோ சீக்கிரம் பதில் எழுத உக்காந்ததுக்குக் காரணம் பிரெஞ்சு இல்ல. போன மாசம் ஒறம்பரை ஊட்டுல பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. மாப்பிள்ளையோட அத்தை 'பொண்ணுக்கு ஹாபி என்னங்க'ன்னு கேட்டதும் அவங்கம்மா கொஞ்சங்கூட யோசிக்காம 'குக்கிங், அப்புறம் கோலம்'னுட்டாங்க. அந்தப் புள்ள கேரம் போர்டு முன்னாடி உக்காந்தா அண்ணனுங்க ஒவ்வொருத்தனா வேலை இருக்குன்னு நழுவிருவானுங்க, அந்த அடி அடிப்பா. அது அம்மா வாயிலயும் வரல, அவ வாயிலயும் வரல, தலையக் குனிஞ்சு மிச்சர் தட்ட நீட்டிட்டு நின்னா. எனக்கு வந்த கோவத்த அன்னிக்கு முழுங்கிட்டேன். இப்ப நீ வந்து மாட்டிக்கிட்ட.

ஆப் விசயம்: எதையோ ஒண்ண வெச்சுக்கோ, எல்லாம் ஒண்ணுதான். மாஹி: 1954 ஜூலைலயே பிரெஞ்சுக்காரன் கெளம்பிப் போயாச்சு, இப்ப அங்க எல்லாரும் பேசறது மலையாளம், வெளியூர்க்காரங்க போறது சரக்கு வெல கம்மின்னு. உனக்கு அங்க நல்ல மத்தி கெடைக்கும், பிரெஞ்சு கெடைக்காது.

ஜுவே குழப்பத்துக்கு இவ்ளோதான்: வெளையாட்டுன்னா 'ஆ', வாத்தியம்னா 'த'. சீட்டாடறது ஜுவே ஓ கார்த், பந்தாடறது ஜுவே ஓ ஃபுத்போல் ('ஆ' இங்க சேந்து 'ஓ' ஆயிருது), ஆனா கித்தார் வாசிக்கறது ஜுவே த லா கித்தார், வயலின் ஜுவே து வியொலோன் ('த' இங்க 'து'). வெளையாட்டுமில்லாம வாத்தியமுமில்லாம நீயா பண்ற காரியம், சைக்கிள் ஓட்டறது, நீச்சல், தோட்டம், இதுக்கெல்லாம் ஃபேர். ஃபேர் து வெலோ, ஃபேர் த லா நத்தாசியோன். சமையலுக்கு மட்டும் ஃபேர் லா குவிசின், 'த' கெடையாது. மிச்சத்த உங்க டீச்சர் பாத்துக்குவாங்க.

இனி குதிரைக்கு வா. நீ குதிரைய எங்க பாத்த? செக்போஸ்ட்டு வழியா கோயமுத்தூருக்குப் போற ரோட்டுல கல்யாண ஊர்வலத்துக்கு ஏத்திட்டுப் போற குதிரையத் தவிர வேற எதையாவது பாத்திருக்கியா? டெல்ஃப் ஏ1 வாய்மொழித் தேர்வுல மொதல்ல உன்னப் பத்தித்தான் கேப்பாங்க, குடும்பம், வேலை, புடிச்சது. நீ குதிரைன்னு சொன்னதும் பரீட்சை வெக்கற அம்மா சிரிச்சுட்டே எங்க ஓட்டற, யாரோட போற, எந்தக் கெழமைன்னு கேட்டா என்ன பண்ணுவ? பொய்க்கு அடுத்த வரி இருக்காது. அப்புறம் வார்த்தை எழுதுன சீட்டுங்கள எடுக்கச் சொல்லி, அத வெச்சு நீ கேள்வி கேக்கணும், கடைசில கடைல வாங்கற மாதிரி ஒரு பேச்சு. மொத்தமே அஞ்சுலருந்து ஏழு நிமிசம், 25 மார்க், அதுல 5க்குக் கீழ போனா மத்த மூணு பகுதில எவ்ளோ அள்ளுனாலும் பெயிலுதான். இதுக்குள்ள உனக்கு குதிரை வேற.

நான் பிரெஞ்சு கத்துக்கிட்டது பாண்டிச்சேரில வேலைக்கு இருந்தப்ப. ஊட்டு ஓனர் ஒரு சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு பென்சன் வாங்கற தமிழ்ப் பெரியவர், நாலு மணியானா திண்ணைல சீட்டு. பெலோட்னு ஒரு ஆட்டம், பிரான்ஸ்ல ஊட்டுக்கு ஊடு ஆடறது. ஒரு நாள் கை கொறையுதுன்னு என்னக் கூப்டாங்க. நான் பாத்துட்டே இருந்தவ, நாலு பேரு, எதிரெதிர்ல ஜோடி, ஏழுலருந்து ஆஸ் வரைக்கும் 32 சீட்டு, துருப்புல ஜாக்கி பெருசு அதுக்கடுத்து ஒம்போது, அட இது நம்ம இருபத்தெட்டுதானேன்னு உக்காந்துட்டேன். மொதல் ஆட்டத்துல எல்லா ஜாக்கியும் பெருசுன்னு நெனச்சு ஆடுனேன், பெரியவர் அலறுனாரு. அங்க துருப்பு ஜாக்கிக்குத்தான் 20, மத்த ஜாக்கிக்கு வெறும் 2. துருப்பு ஒம்போதுக்கு 14. கடைசி வெட்டுக்கு 10 சேத்து மொத்தம் 162. நமக்கு ஜாக்கி 3, ஒம்போது 2, ஆஸும் பத்தும் ஒண்ணொண்ணு, நாலு ஜாதிக்கும் கூட்டுனா 28. கணக்கு வேற, ரத்தம் ஒண்ணு. யாஸ்னு ஒரு சீட்டுக் குடும்பம் நெதர்லாந்துல பொறந்ததாம், அதோட ஒரு கெளை பெலோட், இன்னொண்ணு டச்சுக்காரங்களோட கப்பல்ல இந்தப் பக்கம் வந்திருக்கும்னு சீட்டு வரலாறு எழுதறவங்க சொல்றாங்க. டச்சுக்காரன் கொச்சியப் புடிச்சது 1663ல, அப்ப நம்பற மாதிரிதான் இருக்கு.

அங்க கத்துக்கிட்ட வார்த்தை ஒண்ணுகூட இன்னிக்கு வரைக்கும் மறக்கல. பீக், கேர், காரோ, த்ரெஃப்ள், இது ஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர்னு நாலு ஜாதி. வாலே, தாம், ருவா, ஆஸ், இது ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ். துருப்புக்கு அதூ. 'செ தா த்வா', உன் மொறைன்னு அர்த்தம், லேட் பண்ணுனா பெரியவர் மேசையத் தட்டிட்டே கத்துவாரு. துருப்பு ராஜாவும் ராணியும் ஒரே கைல வந்துட்டா மொதலாவத எறக்கறப்ப 'பெலோட்', அடுத்தத எறக்கறப்ப 'ரெபெலோட்'னு சத்தமாச் சொல்லணும், அதுக்குத் தனியா 20. வாயத் தொறக்கலன்னா அந்த 20 போச்சு, நான் மெரண்டு போய் முழுங்கிட்டு உக்காந்திருந்து ஜோடிகிட்ட திட்டு வாங்கியிருக்கேன். அந்தப் பயத்துல படிச்சது, எப்பிடி மறக்கும்? நீ ஒரு பக்கம் முழுக்க ஸ்கீயிங்கும் குதிரையும் படிச்சு சாயங்காலத்துக்குள்ள மறக்கறதுக்கு உன் மூளையக் குத்தம் சொல்லாத, உனக்கு அந்த வார்த்தை எதுக்கும் வேண்டியிருக்கல, அது பாட்டுக்கு எறங்கிப் போயிடுது.

கேவலம்னு எழுதியிருக்க பாரு, அதுக்குத்தான் உன்னத் திட்டணும். எங்கப்பிச்சி, அம்மாவப் பெத்தவரு, கொழிஞ்சாம்பாறைல நாலு பேருக்கு ஞாயம் சொல்ற ஆளு. ஞாயித்துக்கெழமை மத்தியானம் திண்ணைல இருபத்தெட்டு, ரெண்டு தமிழ் ரெண்டு மலையாளம். காசு கெடையாது, தோத்த ஜோடிக்கு குணுக்கு. பலா எலையச் சுருட்டி ஈர்க்குல குத்திக் காதுல மாட்டி வுட்ருவாங்க, அடுத்து ஜெயிச்சாத்தான் கழட்டலாம். ஒருக்கா வரப்புத் தகராறுன்னு ரெண்டு அண்ணன் தம்பிங்க வந்து நின்னாங்க, அப்பிச்சி காதுல ரெண்டு பக்கமும் பலா எலை ஆட ஆட உக்காந்து மொத்த வழக்கையும் கேட்டுத் தீத்து வெச்சாரு, எலையக் கழட்டல. வந்தவங்களும் சிரிக்கல. அம்முச்சிக்கு அவரவிட நல்லா ஆட வரும், ஆனா அவ திண்ணைல உக்காந்ததில்ல, உள்ள கதவு சந்துல இருந்துட்டு 'ஒம்போது இன்னும் எறங்கல'ன்னு மெதுவாச் சொல்லுவா. ஆட்டம் தெரிஞ்சவ, ஒரு நாள்கூட சீட்டக் கைல புடிச்சதில்ல. கேட்டா 'பொம்பளைக்கு என்ன ஆட்டம்'பா. இன்னிக்கு வரைக்கும் எனக்கு அவமேல இருக்கற ஒரே கோவம் அது. நீ அவளவிட அம்பது அறுவது வருசம் கழிச்சுப் பொறந்தவ, சீட்டக் கைல வெச்சு ஆடிட்டு வந்து ஹாபி இல்லங்கற.

காசு வெச்சு ஆடி ஊட்ட வித்தவங்கள நானும் பாத்திருக்கேன், அது வேற. அதுக்காக எல்லாச் சீட்டையும் ஒளிச்சு வெக்கறது நம்ம ஊரு பழக்கம், சந்தோசமா இருந்தோம்னு வெளிய தெரிஞ்சா எவனாவது வேலை குடுத்துருவான்னு பயம்.

உன் புத்தகத்துல ஹாபிக்குன்னு ஒரு பாடமே இருக்கே, அந்த நேரம் அங்க ஒண்ணும் சும்மா கெடைச்சதில்ல. 1936 மே, ஜூன்ல பிரான்ஸ்ல தொழிலாளிங்க பேக்டரிக்குள்ளயே உக்காந்து வேலை நிறுத்தம் பண்ணுனாங்க, அந்த ஜூன்லயே சம்பளத்தோட ரெண்டு வாரம் லீவும் வாரத்துக்கு 40 மணி நேரமும் சட்டமாச்சு. லீவுல ஊருக்குப் போக ரயில் டிக்கெட்ல 40 சதவீதம் தள்ளுபடி, லேயோ லக்ராஞ்ஜ்னு ஒருத்தர் வெளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும்னே அரசாங்கத்துல துணை மந்திரியா இருந்தாரு. லீவு 1982ல அஞ்சு வாரம் வரைக்கும் வந்துருச்சு. நேரம் வாங்கறதுக்குச் சண்டை போட்டவங்க பேசற பாசைல வந்து நீ எனக்கு ஓய்வுன்னு ஒண்ணும் இல்லன்னு மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கப் போற. ஊட்டுக்கு ஊடு பெலோட் ஆடறவங்ககிட்ட சீட்டு கேவலமாம்.

சரி, ரொம்பத் திட்டிட்டேன். பாண்டிச்சேரிக்கு ஒருக்கா போயிட்டு வா, இரும்புக் குண்டு எறிஞ்சு பெத்தாங்க் ஆடறவங்க அங்க இருக்காங்க, பிரெஞ்சு பேசற பெருசுங்களும் கெடைக்கும், பக்கத்துல நின்னு காது குடுத்தாலே போதும். அதுக்கு மின்னாடி இன்னிக்கு ராத்திரி மாமா பசங்களுக்கு நாலு ஜாதிக்கும் பிரெஞ்சு பேர் சொல்லிக் குடு, தமிழ்லயோ மலையாளத்துலயோ சொன்னவனுக்கு குணுக்கு. 'ல ஸ்வார், ஜ ஜூ ஓ கார்த் அவெக் மே கூஸேன்.' ராத்திரி மாமா பசங்களோட சீட்டாடுவேன்னு அர்த்தம், இத மொதல் வரியா வெச்சுட்டு, எங்க, யாரு ஜெயிப்பா, யாரு ஏமாத்துவான்னு இன்னும் நாலு வரி எழுதி எனக்கு அனுப்பு. ஸ்பெல்லிங் தப்பா இருந்தாப் பரவால்ல. குதிரை வந்துச்சுன்னா படிக்காம திருப்பி அனுப்பிருவேன்.

அக்கா