பழைய மரச்சாமானுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

தாத்தா வாங்கிய தேக்கு அலமாரி கறுத்து, தொட்டால் பிசுபிசுக்கிறது. வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறாள் மகள். அடிக்கலாமா? (தோ பாயோ)

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கறுப்பு பெரும்பாலும் மரத்தின் நிறம் இல்லை. பல வருஷத்து மெழுகும் சமையல் புகையும் கையழுக்கும் சேர்ந்து படிந்தது. ஒயிட் ஸ்பிரிட்டில் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) துணியை நனைத்து ஒரு கதவை மட்டும் துடைத்துப் பாருங்கள். துணி பழுப்பாகும், தேக்கின் ரேகை தெளிய ஆரம்பிக்கும். மகளை அப்போது கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அப்புறம், பழைய பூச்சு எது என்று தெரிய வேண்டும். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் (எரிசாராயம்) நனைத்த பஞ்சைக் கதவின் உள்விளிம்பில் சிறிது நேரம் அழுத்துங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். அதைச் சுரண்டவே வேண்டாம். அதே ஸ்பிரிட்டால் லேசாக இளக்கிச் சமன்படுத்தி, மேலே மெல்லிய புதுப் பாலிஷ் ஏற்றினால் போதும். இளகவில்லை என்றால்தான் உப்புத்தாள்: 120, 180, 220 என்ற எண் வரிசையில் (எண் கூடக் கூட நைஸ்), ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். அதற்கு முன் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு (வெனீர்) என்றால் அது பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது; தேய்க்கும் மெஷின் வைத்தால் அடிப்பலகை தெரிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் வெள்ளைதான் வேண்டும் என்றால், தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. தின்னரால் துடைத்து, அது ஆவியானதும் ஷெல்லாக் ப்ரைமர் (அரக்கு அடிப்பூச்சு) அடியுங்கள். இல்லாவிட்டால் வெள்ளையின் மேல் பழுப்புக் கறை ஊறி வரும். என்னைக் கேட்டால், நல்ல தேக்கை மூடவே கூடாது.

மேசைக்குப் பெயிண்ட் அடித்து இரண்டு வாரமாகியும் வைத்த பொருள் ஒட்டிக்கொள்கிறது. (செங்காங்)

கைக்குக் காய்வது வேறு, உள்வரை இறுகுவது வேறு. தண்ணீரில் கரையும் வகைப் பெயிண்ட் முழுதாக இறுக ஒரு மாதம்கூட ஆகும். நம் சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மழை நாளில் இன்னும் கூடும். மழை பெய்யும்போது அடிக்காதீர்கள். ஏர்கானை டிரை மோடில் போட்டு, மெல்லிய பூச்சாக, இடைவெளி விட்டு அடியுங்கள். ஒருவேளை மிச்சமிருந்த சுவர்ப் பெயிண்டை அடித்தீர்களா? அது மேசைக்கு ஆகாது. எத்தனை நாள் விட்டாலும் மெத்தென்றே இருக்கும். தேய்த்துவிட்டு மர எனாமல் அடியுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இடமில்லை. தாழ்வாரத்தில் ஸ்பிரே அடிக்கலாமா? (ஈசூன்)

வேண்டாம். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஸ்பிரே தூவல் பக்கத்து வீட்டுக் கதவிலும் செருப்பிலும் போய்ப் படியும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி, உள்ளேயே ரோலரால் அடியுங்கள்.

எல்லாரும் படிக்க வேண்டிய ஒன்று: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

என் கணவர் குழந்தையாகப் படுத்த தொட்டிலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து மகனுக்குத் தரலாமா? (பிடோக்)

தராதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். பல் முளைக்கும் குழந்தை கம்பியைக் கடிக்கும். உப்புத்தாள் போட்டாலோ ஈயத்தூள் வீடெல்லாம் பரவும்.

பிரம்பு நாற்காலியின் அடியில் தினமும் தூள் கொட்டிக் கிடக்கிறது. பெயிண்ட் அடித்தால் நிற்குமா? (ஜூரோங் வெஸ்ட்)

நிற்காது. தூளை வெள்ளைத்தாளில் கொட்டி விரலால் தேயுங்கள். நைசாக இருந்தால் துளைவண்டு. பூச்சில்லாத பிரம்பில்தான் போரேட் மருந்து ஊறும். அதனால் பழைய வார்னிஷைத் தேய்த்து எடுத்துவிட்டு மருந்து பூசி, காய்ந்த பிறகு பெயிண்ட். கசகசா போலக் குருணையாக உருண்டால் கரையான். அந்த நாற்காலியை வேறு அறைக்கு நகர்த்தாமல் பூச்சிமருந்துக்காரரைக் கூப்பிடுங்கள். பக்கத்து மர அலமாரிகளையும் அவரையே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.