அரளியை வெட்டணுமா, விட்டுவைக்கலாமா?

கேள்வி: லாஸ்பேட்டையில் தனி வீடு. காம்பவுண்டு ஓரமாக மாமியார் வைத்த அரளி வரிசை. புதிதாக மூன்று மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்று வந்திருக்கிறது. கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிறது. பூனை ஒன்றும் வந்து போகும். "பூஜைப் பூவில் கை வைக்காதே" என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- வாசகி ஒருவர், புதுச்சேரி

பதில்: அரளி விஷயத்தில் நான் குட்டியின் பக்கம்தான். இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம். இதயத் துடிப்பையே கெடுத்துவிடும். காய்ந்த பிறகும் விஷம் போகாது. ஆனால், 'வெட்டப்போகிறேன்' என்று ஆரம்பித்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். 'மொட்டை மாடியில் தொட்டி வைத்து வளர்க்கலாமா அத்தை' என்று கேட்டுப் பாருங்கள். வெயிலுக்கு அங்கே நன்றாகவே பூக்கும். மாடிக் கதவைச் சாத்தி வைத்தால் போதும். கீழே வெட்டிய கிளைகளைப் போகிக்குச் சேர்த்து எரிக்க வேண்டாம், புகையும் ஆகாது.

செடி மாடிக்குப் போனாலும் பூ தினமும் கீழே இறங்குமே! சாமி படத்திலிருந்து எடுத்த வாடிய பூவைக் கால்படாத இடமென்று ஏதாவது செடியடியில் போடுவது நம் வழக்கம். குட்டி முதலில் கிளறுவதும் அந்த இடத்தைத்தான். மூடி போட்ட வாளி ஒன்றை அதற்கென்றே வையுங்கள்.

பொன்னரளி, ஊமத்தை, ஆமணக்கு, செங்காந்தள் இருந்தால் எடுத்துவிடுங்கள். நர்சரியில் குட்டைப் பனை மாதிரி அழகாக நிற்கும் சைகஸும் வேண்டாம். அதன் கொட்டை நாயின் ஈரலைக் கெடுக்கும். மணி பிளாண்ட்டுக்கு அவ்வளவு பயம் தேவையில்லை. கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும். உயரத்தில் தொங்கவிடுங்கள், சரியாகிவிடும். பூனைக்குத்தான் லில்லி எமன். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினால்கூட சிறுநீரகம் பழுதாகும்.

நீங்கள் எழுதாத ஒன்றுதான் எனக்குக் கவலை: மண்ணில் என்ன உரம் போடுகிறீர்கள்? ஆமணக்குப் புண்ணாக்கை நாய் தீனி மாதிரி தின்னும். அதுவே உயிரை வாங்கும். எலும்புத் தூளின் வாசனைக்கும் மண்ணைத் தோண்டும். நன்றாக மக்கிய தொழுவுரமே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நத்தை சுவரேறினால் நத்தை மருந்துக் குருணையைத் தூவாதீர்கள். அதில் மெட்டால்டிஹைடு இருந்தால் கொஞ்சம் தின்றாலே நாய்க்கு வலிப்பு வரும். ராத்திரி டார்ச் அடித்து, கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை. மழைக்கு முன்னாலேயே செங்கல் குவியலையும் தரையோடு படர்ந்த புதரையும் கழித்துவிட்டால் பாம்புக்கும் மறைவிடம் இருக்காது.

அரளி போன இடத்தில் செம்பருத்தி, இட்லிப்பூ, மல்லி வையுங்கள். அம்மனுக்கு உகந்த பூக்கள்தானே, அத்தைக்கும் மனம் ஆறும். ஓரமாக ஒரு பாத்தி அருகம்புல் விடுங்கள். பிள்ளையாருக்கும் ஆச்சு, வயிறு சரியில்லாதபோது மெல்லக் குட்டிக்கும் ஆச்சு.

எதையாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே ஆபத்து. அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். குரும்பாபேட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயோ, பக்கத்து டாக்டரிடமோ உடனே தூக்கிப் போங்கள். கடித்த செடியின் கிளையையோ, மருந்துப் பாக்கெட்டையோ கையோடு கொண்டுபோனால் சிகிச்சை சீக்கிரம் ஆரம்பிக்கலாம்.